ஓராள் காற்று, ஈராள் காற்று

ராமநாதபுரம் கடற்கரையில் யாரிடமாவது "இன்னைக்குக் காத்து எப்படி?" என்று கேட்டால் மூன்று பதில்களில் ஒன்றுதான் கிடைக்கும். "காத்தே இல்ல." "காத்து இருக்கு." "காத்து ஏத்தமா இருக்கு." இதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. மண்டபம் பக்கத்தில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், மதுரையிலிருந்து பாய்ப்படகு பழக வந்திருந்த ஒரு பையன் விடாமல் கேட்டான்: "ஏத்தம்னா எத்தனை நாட் இருக்கும் அண்ணே?" அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நீங்க போக வேணாம்னு அர்த்தம் தம்பி."

காற்றின் வலுவை அளக்கிற வேலையில் இதைவிடத் துல்லியமான பதிலை நான் கேட்டதில்லை. பொழுதுபோக்காகப் பாய்ப்படகு ஓட்டுகிற நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்: இந்தக் காற்றில் நான், என் படகோடு, போகலாமா கூடாதா? ஆனால் நாம் எண்ணைத்தான் முதலில் தேடுகிறோம். எண்ணோ பல நேரம் சண்டையைத்தான் இழுத்து வருகிறது.

சனிக்கிழமை காலைகளில் வடகடல், அதாவது பாக் விரிகுடாக் கரையில் அடிக்கடி நடக்கிற கூத்து இது. இரண்டு நண்பர்கள் ஒரே செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வானிலைச் செயலி 14 என்று காட்டும். ஒருவர் பாயை ஏற்றச் சொல்வார், இன்னொருவர் படகைக் கரையில் இழுத்துப் போடச் சொல்வார். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகுதான், ஒருவர் அதைக் கிலோமீட்டராகவும் மற்றவர் நாட்டாகவும் படித்தது தெரியவரும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். மணிக்கு 14 கிலோமீட்டர் என்றால் ஏழரை நாட். குழந்தையைக்கூட உட்கார வைத்துக் கூட்டிப் போகலாம். 14 நாட் என்றால் மணிக்கு 26 கிலோமீட்டர். குழந்தை கரையில் இருக்கட்டும். செயலியைத் திறந்ததும் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கிற அலகைப் பாருங்கள். படகு நடுவில் நட்பு முறியாமல் இருக்க அது ஒன்றே வழி.

காற்றை எண்ணாக்கிய கதையும் ஒரு படகுக்காரனின் கதைதான். பிரான்சிஸ் போபோர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1805-06 வாக்கில் தன் நாட்குறிப்பில் காற்றுக்கு ஒரு வரிசை எழுதினார். முதலில் 0 முதல் 13 வரை, பிறகு 12-ல் நிறுத்திக்கொண்டார். அவருக்கு முன்பே அலெக்சாண்டர் டால்ரிம்பிள் இப்படி ஒன்றை முயன்றிருக்கிறார். டால்ரிம்பிள் நம்ம ஊர்ச் சங்கதியும் கூட: கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக மதராஸில் வேலையைத் தொடங்கி, பின்னால் கம்பெனிக்கும் பிரிட்டிஷ் கடற்படைக்கும் கடல் வரைபடம் போட்டுக் கொடுத்தவர். போபோர்ட்டின் வரிசையை 1838-ல் கடற்படை தன் எல்லாக் கப்பல்களுக்கும் கட்டாயமாக்கியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. போபோர்ட் காற்றின் வேகத்தை அளக்கவே இல்லை. ஒரு போர்க்கப்பல் அந்தக் காற்றில் என்ன செய்யும் என்றுதான் எழுதினார். 2 என்றால் கப்பல் ஒன்று இரண்டு நாட் வேகத்தில் நகரும், 4 என்றால் ஐந்து ஆறு நாட். அதற்கு மேலே போனால் எந்தெந்தப் பாயைச் சுருக்க வேண்டும், எதை இறக்க வேண்டும் என்று வரிசை போகிறது. 12 என்றால் எந்தப் பாய்த் துணியும் தாங்காத காற்று. வேகக் கணக்கும், அலையைப் பார்த்துக் காற்றைச் சொல்கிற குறிப்புகளும் பிற்பாடு மற்றவர்கள் சேர்த்தவை. வலை சிக்கெடுத்த பெரியவரும் போபோர்ட்டும் ஒரே கட்சி என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் கடலில் இதைவிட அழகான ஓர் அளவுகோல் இருந்தது. இலங்கையில் ஒரு பக்கம் துணைக்கட்டை வைத்த ஓருவா என்கிற படகில், காற்று கூடக் கூட ஆட்கள் ஒவ்வொருவராக அந்தக் கட்டையின் பக்கம் ஏறிப் போய் உட்கார்ந்து படகைச் சமன் செய்வார்கள். எத்தனை பேர் ஏற வேண்டியிருந்ததோ அதுதான் காற்றின் அளவு: ஓராள் காற்று, ஈராள் காற்று, மூவாள் காற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வந்த வெள்ளைக்காரர்கள் இதைப் பார்த்து வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். பாக் விரிகுடாவின் இந்தப் பக்கம், தட்டையான அடி கொண்ட வத்தைப் படகுகளில் துணைக்கட்டை கிடையாது. அதற்குப் பதில் படகின் குறுக்கே ஒரு நீளமான பலகையைப் போட்டு, காற்று வரும் பக்கம் அதை நீட்டி, ஆட்கள் அதன் மேல் போய் உட்காருவார்கள். மதராஸ் மாகாண மீன்வளத் துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தப் பலகைப் படகுகளைப் பற்றி ஆசையாக எழுதியிருக்கிறார். கடலுக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற பலகையின் நுனியில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து, காற்று ஒரு நொடி செத்தால் மூவரும் பின்னால் தாவி, மறுபடி வீசினால் மூவரும் நுனிக்கு ஓடி... இதைவிட உயிருள்ள காற்றுமானி உலகத்தில் எங்கே இருக்கிறது?

அதனால் எங்கள் கரைக்கு என்று போபோர்ட் வரிசையை நானும் நண்பர்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ்ப்படுத்திக்கொண்டோம். எண்கள் அவருடையவை, அடையாளங்கள் இந்த ஊருடையவை.

பூஜ்யம் எல்லோருக்கும் தெரியும். பங்குனி மாதக் காலையில் வடகடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் கிடக்கும். பாய் தொங்கும். வெயில் மேலிருந்தும் தண்ணீரிலிருந்தும் ஒரே நேரத்தில் அடிக்கும். பலர் பயப்படுவது பெருங்காற்றுக்கு. ஆனால் படகில் சண்டை வருவது பெரும்பாலும் காற்றே இல்லாத நாளில்தான். துடுப்பை யார் மறந்தது, தண்ணீர் பாட்டிலை யார் காலி செய்தது, காலையில் யார் பேச்சைக் கேட்டுக் கிளம்பினோம் என்று பேச்சு போகும். எண் ஒன்று, பீடிப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிற காற்று. சுக்கான் அப்போதுதான் மெல்லச் சொல் பேச்சுக் கேட்க ஆரம்பிக்கும்.

இரண்டாம் எண்ணில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள், காரணம் பனை. பனையோலை விறைப்பானது, முகத்தில் லேசாகப் படுகிற நான்கைந்து நாட் காற்றுக்கே ஓலைகள் ஒன்றோடொன்று உரசிச் சடசடவென்று சத்தம் போடும். ஊருக்குப் புதிதாக வந்தவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் புயல் வருகிறது என்று படகைக் கட்டிப்போட்டுவிடுவார். பிறகு உண்மையிலேயே பலத்த காற்று வரும்போது பனைமரத்தைப் பார்த்தால் அது அசையாமல் நிற்கும். பனை எதற்கெடுத்தாலும் சத்தம் போடும், எதற்கும் வளையாது. காற்றைப் பார்க்கப் பனையை நம்பாதீர்கள், தென்னை தேவலை, சவுக்கு இன்னும் நல்லது.

ஆனால் சிறந்த கருவி கைலி. நான் இதை மனதாரச் சொல்கிறேன். கைலி எங்கள் கரையில் எல்லோரிடமும் இருக்கிறது, மின்கலம் வேண்டாம், பழுதாவதில்லை. ஓரம் மட்டும் ஆடினால் இரண்டு. ஆடுசதையில் ஒட்டிக்கொண்டு பின்பக்கம் கொடியாக நின்றால் மூன்று, ஏழு முதல் பத்து நாட். தேவாலயக் கொடியும் கட்சிக் கொடியும் அப்போதுதான் முழுதாக விரிந்து நிற்கும், கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அலைநுனி வெளுக்கும். பழகுகிறவர்களுக்கு இதுதான் பொற்காலம். ஒரு கையால் கைலியைப் பிடிக்க வேண்டியிருந்தால் நான்கு. மடித்துக் கட்டியும் அடங்கவில்லை என்றால் ஐந்து. கட்டியிருந்தவர் பேசாமல் வீட்டுக்குப் போய்க் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்தால் ஆறு, அன்றைக்கு உங்கள் படகும் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

நான்காம் எண்ணைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மைப் போன்றவர்களின் வாழ்க்கை முழுவதும் அந்த எண்ணில்தான் நடக்கிறது. 11 முதல் 16 நாட். டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாள் மேசையிலிருந்து பறந்து போகும், ரோட்டோரப் புழுதி கிளம்பும், கடலில் எங்கு பார்த்தாலும் அலைநுனி வெள்ளையாக உடையும். பாயில் ஒரு திடமான இழுப்பு வரும். படகு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பிக்கும். நீங்கள் மறுபக்க விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே இருக்கிற பட்டையில் கொக்கிபோல் மாட்டி, முதுகை வெளியே தண்ணீருக்கு மேல் சாய்க்க வேண்டும். படகின் அடியில் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். அதுவரை அலுவலகக் கவலை பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் காரணமே இல்லாமல் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நான் வங்கி அதிகாரியிடமும் பார்த்திருக்கிறேன், பத்தாம் வகுப்புப் பிள்ளையிடமும் பார்த்திருக்கிறேன், இரண்டும் ஒரே சிரிப்பு.

படகுகள் அதிகம் கவிழ்வதும் இதே எண்ணில்தான். ஐந்துக்கும் ஆறுக்கும் யாரும் துணிந்து போவதில்லை, ஒன்றிலும் இரண்டிலும் கவிழ்க்க முயன்றாலும் கவிழாது. நான்கு மட்டும் ஆசை காட்டி இழுக்கும். 11-ல் கிளம்பி, 13-ல் மகிழ்ந்து, 16-ல் "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்கிறோம். அந்த ஒரே ஒரு சுற்றுக்குள் ஐந்து வந்துவிடுகிறது.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பாய்ப்படகு பழகுகிற ஒவ்வொருவரும் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் பிடிவாதம். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளுகிற விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. ஒருவர் ஓட்டுகிற சின்னப் படகின் பாய் சுமார் 7 சதுர மீட்டர் இருக்கும். 10 நாட் காற்று அதை நேராக அழுத்தினால் ஏறத்தாழ 11 கிலோ எடை. 20 நாட் என்றால் 45 கிலோ, ஒரு மூட்டை சிமென்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதைத் தாமான் என்கிற, பாயை இழுத்துப் பிடிக்கிற ஒரு கயிற்றை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் பிடித்து நிற்க வேண்டும். போதாக்குறைக்குக் காற்று ஒரே சீராக வீசுவதும் இல்லை. சராசரி 15 என்றால் இடையிடையே 21, 22 வரை குத்திக் குத்தி வரும். அந்த நொடியில் பாய் மேல் விழுவது இரண்டு மடங்கு விசை. செயலி காட்டுவது பெரும்பாலும் சராசரியை. படகைக் கவிழ்ப்பது குத்து. குத்து வருகிறதா என்று பார்க்கச் செல்போன் தேவையில்லை. காற்று வரும் திசையில் தண்ணீரைப் பாருங்கள், ஒரு கருத்த திட்டு நடுங்கிக்கொண்டே உங்களை நோக்கி ஓடி வரும். அது வந்து சேர்வதற்குள் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் ஒன்றும் ஆகாது.

காற்று செய்கிற இன்னொரு குறும்பு, முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு செய்வது. 15 நாட் காற்று பின்னாலிருந்து வீசுகிறது, படகு அதோடு 5 நாட் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகத்துக்கும் பாய்க்கும் தெரிகிற காற்று வெறும் 10. சட்டை முன்னைப்போலப் படபடக்காது, வெயில் சுடும், "காத்து விழுந்திருச்சு போல" என்று யாராவது சொல்வார்கள். அப்படியே போய்க்கொண்டே இருப்பீர்கள். திரும்பும்போது அதே 15-ஐ எதிர்த்து 5 நாட்டில் ஏற வேண்டும். இப்போது உங்களுக்குத் தெரிவது 20-க்குப் பக்கத்தில். மேலே சொன்ன கணக்குப்படி பாயின் மேல் ஏறத்தாழ நான்கு மடங்கு விசை. காற்று ஒரு துளியும் கூடவில்லை, திரும்பினது நீங்கள்தான். நேராகக் காற்றை எதிர்த்து எந்தப் பாய்ப்படகும் போகாது என்பதால் வலமும் இடமுமாக வளைந்து வளைந்து வர வேண்டும். போனதைவிட வருகிற தூரமும் அதிகம். எங்கள் கூட்டத்தில் இதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறோம்: முதலில் காற்றை எதிர்த்துப் போ, களைத்த பிறகு காற்றோடு வீட்டுக்கு வா.

இந்தச் சட்டத்தை மீறச் சொல்லி ஆசை காட்டுகிற கடல் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது நம்முடையதுதான். தனுஷ்கோடிக்குப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். அரிச்சல்முனைக்குப் போகிற சாலையின் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா. ஒன்றை ஆண் கடல் என்றும் மற்றதைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும்போது தெற்குப் பக்கம் அலை எழும்பி எழும்பி அடிக்கும், மணல் கிளம்பிச் சாலையின் குறுக்கே ஓடும், நின்று பார்க்கிறவர்களின் கெண்டைக்காலில் சுருக் சுருக்கென்று தைக்கும். திரும்பி வடக்கே பாருங்கள், தண்ணீர் அமைதியாகக் கிடக்கும். இரண்டு பக்கமும் ஒரே காற்று. தெற்கே அது திறந்த கடலில் வெகுதூரம் ஓடி வந்து அலையை வளர்த்திருக்கிறது. வடக்கே அது கரையிலிருந்து இப்போதுதான் தண்ணீரில் இறங்குகிறது, அலையை எழுப்ப அதற்கு இன்னும் தூரம் கிடைக்கவில்லை. வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில், ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை, கதை அப்படியே தலைகீழ்: வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும்.

போபோர்ட் வரிசையின் அலைக் குறிப்பு இந்த இடத்தில் உதவாது. ஆடி மாதம் வடகடல் கரையில் நிற்கிறவர் தண்ணீரைப் பார்த்து "ரெண்டு, மிஞ்சிப் போனால் மூணு" என்பார். தென்னந்தோப்பும் வீடுகளும் காற்றை மறைப்பதால் முகத்திலும் பெரிதாகப் படாது. படகு கரையை விட்டுக் கொஞ்சம் விலகியதும் மறைப்பு தீர்ந்துபோய் ஐந்து வந்து பாயில் உட்காரும். வீசுவது கரையிலிருந்து கடலுக்கு. கவிழ்ந்தாலும், பாய் கிழிந்தாலும், கை ஓய்ந்தாலும் அது உங்களை வடகிழக்கே, எல்லைக் கோட்டின் பக்கம்தான் தள்ளும். போகப் போக அலையும் வளரும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டரைச் சுற்றித்தான். அதனால் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வந்து ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கும், மூச்சு விட இடைவெளி கொடுக்காது. கச்சான் காலத்தில் வடகடலின் அமைதியைப் பார்த்து, இயந்திரப் படகு துணைக்கு இல்லாமல் யாரும் இறங்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

அந்த மாதிரி நாட்களில் நான் தண்ணீரைப் பார்ப்பதில்லை, தென்கரைப் பக்கம் வண்டியை விட்டு ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவேன். அங்கே கடல் பொய் சொல்லாது. முடியாவிட்டால் பாம்பன் சாலைப் பாலத்தில் இருசக்கர வண்டியில் வருகிறவர்களைக் கேட்கலாம். வண்டி நேராகப் போனதா, பாலத்தின் ஓரத்துக்கு நகர்ந்ததா, பின்னால் உட்கார்ந்திருந்தவர் இறங்கி நடக்கிறேன் என்றாரா என்று கேட்டால் காற்று எத்தனை என்பது வந்துவிடும்.

ஆறிலிருந்து மேலே உள்ள எண்களை நாம் ஓட்டிப் பார்க்கப் போவதில்லை, ஆனால் காதால் கேட்டால் அடையாளம் தெரிய வேண்டும். ஆறில் குடை பிடிப்பது பெரும்பாடு, மின்கம்பிகள் விசிலடிக்கும். வானிலை அறிவிப்பில் மழைக்காலத்திலும் கச்சான் காலத்திலும் ஒலிக்கிற அந்த வரி, "மன்னார் வளைகுடா பகுதிகளில் சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்", ஆறும் ஏழும், குத்தில் எட்டும். நாம் அதை வானொலியில் பாதித் தூக்கத்தில் கேட்டுப் பழகிவிட்டதால் அதன் கனம் உறைப்பதில்லை. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றுமானி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அது போபோர்ட் வரிசையில் ஏழு. நூற்றுக்கணக்கான டன் இரும்பு ஏழில் நின்றது என்றால், இரண்டு ஆள் தூக்கி வைக்கிற படகு எதில் நிற்க வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைப் போபோர்ட் எண்ணோடு குழப்புகிறவர்களும் உண்டு. "கூண்டு ஒண்ணுதானே, காத்து ஒண்ணுதானே" என்று பாயை எடுத்துக்கொண்டு ஒருவர் கிளம்பியதைப் பார்த்துக் கரையே ஓடிப் போய்த் தடுத்தது. கூண்டு எண் காற்றின் வேகத்தைச் சொல்வதில்லை. புயல் தூரத்தில் இருக்கிறதா பக்கத்தில் இருக்கிறதா, இந்தத் துறைமுகத்துக்கு என்ன மாதிரி ஆபத்து என்பதைச் சொல்கிறது. ஒன்றாம் எண் கூண்டு ஏறினாலே நமக்கு விடுமுறை. போபோர்ட் வரிசையின் பன்னிரண்டாம் எண் மணிக்கு 118 கிலோமீட்டரில் தொடங்குகிறது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியின் மேல் வந்தது அதையும் வெகுவாகத் தாண்டிய காற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் ஊரையும் கடல் எடுத்துக்கொண்டது. அந்த இடிபாடுகளைத் தாண்டித்தான் நாம் விளையாடப் போகிறோம், அதனால் இந்த எண்ணைப் பற்றி எங்கள் கரையில் யாரும் வேடிக்கை பேசுவதில்லை.

வேடிக்கைக்கு டீக்கடைக் காற்று இருக்கிறது. காலையில் 12 நாட்டாக இருந்த காற்று, மாலையில் டீ கிளாஸ் கைக்கு வரும்போது 18 ஆகும், இரண்டாவது டீயில் 25-ஐத் தொடும், மச்சினன் வந்து உட்கார்ந்தால் கூண்டு ஏற்ற வேண்டியதுதான். இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நனைந்த சட்டையோடு, காற்றை எதிர்த்து, தண்ணீருக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவருக்கு 12 நாட் உண்மையாகவே 18 மாதிரித்தான் தெரிந்திருக்கும். அவர் சொல்வது அவருடைய உடம்பு அளந்த காற்று. நாளைக்கு அவர் அந்த 25-ஐ நம்பி, "நான் 25-லேயே போனவன்" என்று நிஜமான 20-ல் படகை இறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்காகவே கையடக்கக் காற்றுமானி ஒன்றை வாங்கி வைத்தோம். கையை உயர்த்தி, காற்று வரும் பக்கம் நேராகக் காட்டி, இரண்டு நிமிடமாவது பார்த்து, சராசரியையும் உச்சத்தையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். டீக்கடையில் அதைக் காட்டினால் கதை சப்பென்று போய்விடுகிறது என்று பலருக்கு அதன் மேல் கோபம்.

எங்கள் படகின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதி வைத்திருப்பது வேறு: "ஓராள் காற்று: முழுப் பாய். ஈராள் காற்று: பாயைச் சுருக்கு. ஈராள் சாய்ந்தும் நிமிரவில்லை: கரை." பழைய ஓருவாக்காரர்களின் கணக்கு இது. எந்த அலகிலும் குழப்பமில்லை, சராசரியா குத்தா என்ற கேள்வி இல்லை, படகில் இருக்கிற இரண்டு பேரின் எடையும் கைவலுவும் அன்றைய களைப்பும் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. காலையில் சாப்பிடாமல் வந்தவருக்கு ஈராள் காற்று கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடும், அவ்வளவுதான்.

பழக வருகிறவர்கள் மாசி, பங்குனியில் வாருங்கள். வாடை ஓய்ந்து, கச்சான் பிடிக்காத இடைக்காலம். காலை ஒன்பது மணி வரை பூஜ்யத்திலும் ஒன்றிலும் முடிச்சுப் போடவும் படகைத் திருப்பவும் கற்றுக்கொள்ளலாம். வெயில் ஏறித் தரை சுட்ட பிறகு கடல்காற்று எழும்பும்; பதினொரு மணிக்கு மேல் மூன்றும், மதியத்துக்குப் பிறகு நான்கும் தானாக வரும். கரையிலிருந்து கடலுக்கு வீசாமல் கடலிலிருந்து கரைக்கு வீசுகிற காற்று அது. ஏதாவது ஆனாலும் உங்களை ஊர்ப் பக்கம் கொண்டுவந்து தள்ளும். மிதவைச் சட்டை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு துடுப்பு, தொப்பி பறக்காமல் இருக்க ஒரு நாடா. கிளம்புமுன் கரையில் யார் வலை பார்த்துக்கொண்டிருந்தாலும் நின்று கேளுங்கள். "இருக்கு" என்றால் போகலாம். "ஏத்தம்" என்றால் படகை மூடி வைத்துவிட்டு அவருக்கு ஒரு டீ சொல்லுங்கள்.